கார் ஆல்டர்னேட்டர் கோளாறு: வீட்டிலேயே சோதிப்பதும் கழற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பழைய சிறு கார் ஒன்றில், கை பழகியவருக்கு அது முக்கால் மணி நேர வேலை. கழற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதுதான் கடினம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனவர்களையும், பேட்டரிமேல் பழியைப் போட்டு இரண்டு பேட்டரி வாங்கியவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்தில் ஸ்பானரை எடுப்பதற்கு முந்தைய கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டரும் கொண்ட மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ போன்ற பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்துத்தான்.

"டைனமோ போய்விட்டது" என்கிறார் மெக்கானிக். டைனமோவும் ஆல்டர்னேட்டரும் ஒன்றா?

அவர் சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். பழைய அம்பாசடர் காலத்துப் பேச்சு இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. அந்தக் கார்களில் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது. அதன் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த 'கட்அவுட்' என்ற தனிப் பெட்டி இருந்தது. இன்றும் சில ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ரெகுலேட்டரைக் கட்அவுட் என்றே சொல்வார்கள்.

டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. ஆல்டர்னேட்டர் தரும். 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்திய பிறகு டைனமோ மெல்ல மெல்ல ஒதுங்கியது. உள்ளே நடப்பது இதுதான்: நடுவில் சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். இரண்டு கார்பன் பிரஷ்கள் அதன் செப்பு வளையங்களை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கின்றன. சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் கம்பிச்சுருளில் மூன்று கட்ட மாறுமின்சாரம் பிறக்கிறது. ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. எவ்வளவு வேண்டும் என்பதை ரெகுலேட்டர் தீர்மானிக்கிறது. பிரஷ், டயோடு, ரெகுலேட்டர், பேரிங் ஆகிய நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

கோளாறு என்று முதலில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

டாஷ்போர்டில் உள்ள சிவப்புப் பேட்டரி விளக்கை வைத்து. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. மங்கலாக எரிந்தால் டயோடைச் சந்தேகிக்கலாம். சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பல பழைய கார்களில் அந்த விளக்கின் வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு எரிந்து போயிருக்கலாம், அல்லது பிரஷ் தேய்ந்து வளையத்தைத் தொடாமல் இருக்கலாம்.

எனக்கு இது முதன்முதலில் புரிந்தது ஒரு மழை இரவில், திண்டிவனம் தாண்டி. முதலில் வைப்பர் சோம்பலாக நகர்ந்தது. பிறகு ஹெட்லைட்டின் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் வெளிச்சம் கூடவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்பே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

பேட்டரி கோளாறா, ஆல்டர்னேட்டர் கோளாறா? எப்படிப் பிரிப்பது?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எல்லா ஊர் எலக்ட்ரிகல் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நேர்மின் வோல்ட்டில் 20 என்ற அளவில் வையுங்கள்.

கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் கதவைத் திறந்து சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டர் கம்பிகளை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி.

இப்போது எஞ்சினை ஓட விடுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அடுத்து ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, ஏசி விசிறியை முழு வேகத்தில் வைத்து, எஞ்சின் சுற்றை 1500 முதல் 2000 வரை ஏற்றிப் பிடியுங்கள். 13.5க்குக் குறையாமல் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அப்படியும் காலையில் கார் கிளம்பவில்லை என்றால் பேட்டரியையோ மின்கசிவையோ பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போதும் 12.3, 12.2, 12.1 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை என்று பொருள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும், முனைகளைச் சுற்றி ஈரம் கசிவதும், பல்புகள் அடிக்கடி எரிந்து போவதும் அதற்குத் துணைச் சாட்சிகள். அந்த நிலையில் காரை ஓட்டாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். டைனமோ காலத்துச் சோதனை அது. ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரெனக் கிளம்பும் மின்னழுத்தத்தைப் பேட்டரிதான் தாங்கிக்கொள்கிறது. அதை ஒரு நொடி எடுத்துவிட்டாலும் அந்த அழுத்தம் டயோடுகளையும் ஈசியுவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எரித்துவிடக்கூடும்.

வழியில் சார்ஜ் நின்றுவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் (Ah) என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் விசிறி ஆகியவையும் சேர்ந்தால் இரவில் 20ஐத் தாண்டும். பேட்டரியும் அடிவரை வடியும்வரை ஒத்துழைக்காது. நல்ல பேட்டரியாக இருந்தால் பகலில் சுமார் ஒரு மணி நேரம், இரவில் அதில் பாதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் மறுபடி சுற்றுவதற்குப் பேட்டரியில் தெம்பு இருக்காது.

எஞ்சின் ஓடும்போதும் 12.2தான் காட்டுகிறது. உடனே கழற்றிவிடலாமா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளுக்கு (சக்கரங்களுக்கு) நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால், அல்லது உள்பக்கம் கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் வழுக்குகிறது. காலையில் கிளம்பும்போது கீச்சென்று கத்துவது அதனால்தான்.

அடுத்து, ஆல்டர்னேட்டரின் பின்புறம் உள்ள தடித்த ஒயர். அது மாட்டியிருக்கும் இடத்தைப் பி பிளஸ் (B+) முனை என்பார்கள். எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியை அந்த முனையிலும் மறு கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். கம்பிகளும் உங்கள் சட்டைக் கையும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. விளக்குகளைப் போட்ட நிலையிலும் 0.3 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு வோல்ட் என்று காட்டினால் மின்சாரம் ஒயரிலோ இணைப்பிலோ தேங்குகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் அளக்கும்போது பேட்டரியின் வோல்ட் வராவிட்டால் வழியில் உள்ள பெரிய ஃபியூஸ் போயிருக்கலாம். மறுபடி எஞ்சினை ஓட விட்டு, ஆல்டர்னேட்டரின் உலோக உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எர்த் கோளாறு.

எங்கள் தெருவில் ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னார்கள் என்று வந்து நின்றார். அளந்து பார்த்தோம். எர்த் பக்கம் 1.4 வோல்ட். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றியபோது வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. பின்னல் கம்பிகளில் பாதி அறுந்து, விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்தது. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து முறுக்கினோம். 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டரை யாரும் தொடவே இல்லை. ஏற்கெனவே பேட்டரிகளுக்குக் கொடுத்த பணம்தான் அவருக்குத் திரும்பி வரவில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்காமல் பேட்டரி விற்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

கடைசியாக, பின்புறம் உள்ள சிறிய கப்ளரை (ஒயர்களைச் செருகும் பிளக்) கழற்றி, உள்ளே துரு இருக்கிறதா, முள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தும் சார்ஜ் வரவில்லை என்றால்தான் ஆல்டர்னேட்டர் குற்றவாளி.

எஞ்சின் ஓடும்போது 14.2 காட்டுகிறது. ஆனால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஏன்?

ஒரு டயோடு பழுதாகியிருக்கலாம். மீட்டரை மாறுமின் வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினும் விளக்குகளும் ஓடும்போது பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுதான். மலிவான சில மீட்டர்கள் மாறுமின் அளவில் இருக்கும்போது நேர்மின்சாரத்தையும் சேர்த்துத் தவறான எண் காட்டும். எஞ்சினை அணைத்தும் பெரிய எண் நின்றால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம்.

கருவியே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. இரவு நிறுத்திய காரின் பானெட்டை விடியற்காலையில் திறந்து, ஆல்டர்னேட்டரைக் கையால் தொடுங்கள். எஞ்சின் சில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு வழியாக இரவெல்லாம் மின்சாரம் கசிந்திருக்கிறது.

'கொர்ர்' என்று சத்தம் வருகிறது. அது ஆல்டர்னேட்டர் பேரிங்தானா?

எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணல் அரைபடுவதுபோல் விரலில் உணர்ந்தாலோ, புல்லி மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. தண்ணீர்ப் பம்பின் புல்லியையும் அப்போதே சுற்றிப் பாருங்கள். சத்தம் பலமுறை அங்கிருந்துதான் வருகிறது.

எந்தக் கார்களில் வீட்டில் கைவைக்கக் கூடாது?

மைல்டு ஹைபிரிட் கார்களில். அவற்றில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒரே கருவி. அதை விட்டுவிடுங்கள். சில டீசல் வாகனங்களில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் வேக்குவம் பம்ப் சேர்ந்திருக்கும். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் அதிலிருந்து வருகிறது, ஆயில் குழாயும் அதில் இருக்கிறது. அங்கே ஒரு வாஷர் தவறினால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதைப் பழகியவரிடமே விடுங்கள்.

புதிய கார்கள் பலவற்றில் சார்ஜை ஈசியு கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் ஓடும்போதே 13க்குக் கீழே இறக்கும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். அந்தக் கார்களில் ஒரே ஓர் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கழற்றும் முறை என்ன?

10, 12, 14 ஸ்பானர்கள், பாக்ஸ் ஸ்பானர் செட், நெம்ப ஒரு கம்பி அல்லது கட்டை, துரு இளக்கும் ஸ்பிரே. எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோதிரம் பி பிளஸ் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றித் தள்ளி வைப்பது. பி பிளஸ் ஒயரில் சாவியை அணைத்தாலும் பேட்டரியின் முழு மின்சாரமும் நிற்கிறது. ஸ்பானர் அதிலும் பாடியிலும் ஒருசேரப் பட்டால் வெல்டிங் பட்டறைபோல் பொறி பறக்கும். இதை மட்டும் எந்த அவசரத்திலும் தவிர்க்காதீர்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு செல்போனில் நாலைந்து படம் எடுங்கள். ஒயர் எங்கே போகிறது, பெல்ட் எந்தப் புல்லியில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும். கப்ளரின் பூட்டை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகியிருக்கும். பி பிளஸ் முனையின் ரப்பர் மூடியை விலக்கி, நட்டைக் கழற்றி, வாஷரோடு ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.

ஆல்டர்னேட்டரை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். ஒன்று நீளமானது. அதில்தான் ஆல்டர்னேட்டர் கீல்போல் திரும்பும். மற்றது, நீள்துளை போட்ட பட்டையில் இருக்கும் அட்ஜஸ்டிங் போல்ட். இரண்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்ந்து கையோடு வரும். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் அந்த டென்ஷனரை ஸ்பானரால் திருப்பிப் பிடித்தபடி பெல்ட்டை எடுக்க வேண்டும். போல்ட் அசையாவிட்டால் ஸ்பிரே அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். குழாய் மாட்டி முரட்டுத்தனமாக இழுத்தால் போல்ட் முறிந்துவிடும், பிறகு அது வேறு கதை.

ஒரு கையால் ஆல்டர்னேட்டரைத் தாங்கிக்கொண்டு நீளப் போல்ட்டை உருவுங்கள். நாலைந்து கிலோ இருக்கும், விரல் நடுவே மாட்டினால் நசுங்கும். சில கார்களில் கீழ்வழியாகத்தான் எடுக்க முடியும். அப்படியானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, காரை அசைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கழற்றிய பிறகு மேசையில் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் மோந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை அடித்து, இடுக்கு வழியாகத் தெரியும் செப்புக்கம்பி கருத்திருந்தால் ஸ்டேட்டர் எரிந்துவிட்டது. கம்பி செம்பழுப்பாக இருந்தால் நல்லது.

அடுத்து பின் மூடியை எடுத்து, பிரஷ் கூட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று திருகுகள்தான். நான் கடைசியாகத் திறந்ததில் ஒரு பிரஷ் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளியே நின்றது. மற்றது கூட்டுக்குள் பதுங்கியிருந்தது, ஸ்பிரிங்கின் முனை மட்டும் எட்டிப் பார்த்தது. அந்தக் காரில் மேட்டில் குலுங்கினால் சார்ஜ் வரும், சமதளத்தில் நின்றுவிடும். உரிமையாளர் ஒரு மாதம் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். பிரஷ் பொதுவாக 5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். செப்பு வளையங்களில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பிரஷும் நீண்ட நாள் நிற்காது. வெறும் கறுப்புப் படிவுதான் என்றால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் துடைத்தால் போதும்.

மீட்டரை ஓமில் வைத்து இரண்டு வளையங்களுக்கும் நடுவே அளந்தால் ஏறத்தாழ 2 முதல் 5 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் ரோட்டர் சுருள் அறுந்திருக்கிறது. வளையத்துக்கும் நடுத்தண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. டயோடுகளை மீட்டரின் டயோடு அளவில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 வரை, கம்பிகளை மாற்றி வைத்தால் ஒன்றுமில்லை என்று வர வேண்டும். இரு பக்கமும் காட்டினாலோ, இரு பக்கமும் காட்டாவிட்டாலோ அது செத்த டயோடு. ஸ்டேட்டர் கம்பிகள் டயோடுகளோடு சேர்ந்தே இருக்கும்போது அளந்தால் ஒன்றின் கோளாறு மற்றதில் தெரியும். சந்தேகமாக இருந்தால் அப்படியே எலக்ட்ரீஷியன் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் மட்டும் என்றால் பழுது பாருங்கள். தயங்கவே வேண்டாம். நல்ல கைக்காரர் பேரிங் மாற்றிய ஆல்டர்னேட்டர் பல ஆண்டுகள் ஓடும். ஸ்டேட்டர் எரிந்திருந்தால் நான் மறுபடி காயில் கட்டச் சொல்ல மாட்டேன். அந்த வேலை கட்டுபவரின் கையைப் பொறுத்தது, சரியில்லாவிட்டால் நடுவழியில்தான் தெரியும். சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்குவதானால் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரும், புல்லியின் காடிகளும், கப்ளரின் முள் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் உதிரிப் பாகங்கள் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கின்றன. பெட்டி பழையதாகவும் அதன்மேல் ஒட்டிய லேபிள் புதிதாகவும் இருந்தால் மட்டும் போலியோ என்று விழித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் ஆல்டர்னேட்டர் பிழைக்குமா?

பல கார்களில் அது தாழ்வாக இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற கார்களில் இதைப் பார்த்தோம். உடனே கழற்றித் திறந்து, சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பேரிங் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். "ஓடுகிறதே" என்று விட்டுவிட்டால் சில மாதங்களில் பேரிங் அலறும், பிரஷ் கூட்டுக்குள் இறுகிக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது எதில் தவறு நடக்கிறது?

பெல்ட்டை இறுக்குவதில். 'இறுக்கமாக இருந்தால் நல்லது' என்று கம்பியால் நெம்பி, தந்திபோல் இழுத்து முறுக்கிவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் பேரிங்கும் தண்ணீர்ப் பம்ப் பேரிங்கும் அதற்குப் பலியாகின்றன. அழுத்தினால் 10 மி.மீ. போதும். புதுப் பெல்ட் என்றால் அதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கலாம். நெம்பும் கம்பியை ஆல்டர்னேட்டரின் அலுமினிய இடுக்கில் கொடுக்காமல் தடித்த பகுதியில் கொடுங்கள், இல்லாவிட்டால் உடல் விரிசல் விடும்.

பி பிளஸ் நட்டை உறுதியாக முறுக்கி, ரப்பர் மூடியைப் போட்ட பிறகே பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பை மாட்டுங்கள். சாவியைத் திருப்புங்கள், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஓட விட்டு, அணைகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் மீட்டரை வையுங்கள். முழுக்க வடிந்த பேட்டரியாக இருந்தால் முதலில் அதை வெளியே கொடுத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். காலியான பேட்டரியை நிரப்பும் சுமையைப் புது ஆல்டர்னேட்டர்மேல் ஏற்றினால் முதல் நாளே கொதித்துப்போகக்கூடும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பெல்ட்டை மறுபடி அழுத்திப் பாருங்கள். புதுப் பெல்ட் அதற்குள் சற்று நீண்டிருக்கும்.